கேட்டு வரைந்த முகம்

5 மார்ச் 1978, ஞாயிறு

இன்று மாடியில் சித்திரச் சங்கத்தில் இருந்தவர்கள்: கரிக்குச்சியால் வரைந்து காட்டும் மலையாள வாத்தியார் ராஜப்பன் மாஷ். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சரோஜம்மா. கீழே மிளகு மூட்டைக் கிட்டங்கியில் வேலை பார்க்கும் முகமது இஸ்மாயில். எதை வரைந்தாலும் பூசணிக்காய் ஆக்கிவிடும் வெங்கிட்டு. பெருக்கி, சாயா போட்டுக் கொடுக்கும் நான். என் பக்கத்தில் ஏழு வயதுப் பேத்தி சந்தனமாரி.

மாஷ் இன்று புதிதாக ஒன்று சொன்னார். ஆளைப் பார்க்காமல், ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டு முகம் வரையவேண்டும். யார் சொல்வது என்று எல்லோரும் முழித்தார்கள். சந்தனமாரி எழுந்துவிட்டாள். "எங்கம்மாவ வரைவீங்களா? நான் பாத்ததே இல்ல."

இவளைப் பெற்ற அன்றே போனவள் என் மகள் மாயம்மாள். ஒரு போட்டோகூடக் கிடையாது.

நான் சொல்கிறேன் என்றேன். எதையும் மறப்பவள் இல்லை நான். குறுகின நெற்றி, இடது புருவத்தில் அம்மை வடு, மூக்கு என் மூக்கு. நான்கு பேரும் நான்கு முகம் வரைந்தார்கள். வெங்கிட்டுவின் காகிதத்தைப் பார்த்து, "இது என் நாத்தனார். அவளுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சந்தனமாரி சிரிக்கவில்லை.

12 மார்ச்

மாஷ் ரப்பருக்குப் பதில் ரொட்டித் துண்டால் கரியை ஒற்றி ஒற்றித் திருத்தினார். புருவம் வந்துவிட்டது, மூக்கு வந்துவிட்டது. ஆனால் அவள் வரவில்லை.

"அம்மே, இவள் சிரிச்சா எப்படி இருக்கும்? அது பறையணும்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அவள் சிரிப்பு ஞாபகத்துக்கு வரவில்லை.

எனக்கா? எந்த வருஷம் எந்தப் பானை உடைந்தது என்று சொல்கிறவளுக்கா? அடுப்பு ஊதினது தெரியுது, அழுதது தெரியுது, என் கையால அடி வாங்கினது தெரியுது. சிரிச்சது எங்க போச்சு?

"வேற ஆருக்காவது அறியுமோ?" என்றார் மாஷ்.

ஒருத்தனுக்குத் தெரியும். அவன் பெயரைச் சொல்லாமல் டம்ளர் கழுவப் போனேன்.

13 மார்ச்

"படத்துல அம்மா சிரிக்கவே இல்லியே, கோவக்காரியா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளை சோற்றைத் தொடாமல் வைத்துவிட்டாள்.

16 மார்ச்

மருமகன் இசக்கிமுத்து வீட்டுக்குப் போனேன். மாயம்மாள் செத்து வருஷம் திரும்புமுன் இன்னொருத்திக்குத் தாலி கட்டியவன். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. படியேறவில்லை, தெருவில் நின்றே பேசினேன்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்துக்கு வா."

"எதுக்கு அத்தை?"

"வான்னா வா."

19 மார்ச்

சலவைச் சட்டையோடு வந்தான். சாயா கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை. மடக்மடக்கென்று குடித்துவிட்டான்.

"சிரிக்கறப்ப நாக்கு நுனியக் கடிச்சுக்குவா மாஷே. இடது கண்ணு முழுசா மூடிக்கும். சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும்."

கரி ஓடியது. சரோஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வந்துட்டா. என் புள்ள வந்துட்டா.

சந்தனமாரி படத்துக்கு நேரே போய் நின்று, நாக்கைக் கடித்து ஒரு கண்ணை மூடினாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எப்பவாச்சும்தான் இப்படிச் சிரிப்பாளா?" என்று அவனைக் கேட்டேன்.

"தெனம் சிரிப்பா அத்தை."

20 மார்ச்

படத்தைச் சுவரில் மாட்டியாயிற்று. பள்ளிக்கூடம் போகும்போது பிள்ளை அதனிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

வருஷம் திரும்புமுன் தாலி கட்டியதை மன்னித்தேன். பிள்ளையை என்னிடம் விட்டுப் போனதை என்றைக்கோ மன்னித்தாயிற்று. அவள் இல்லாவிட்டால் எனக்கு யார்? ஆனால் மாயம்மாளைப் பதினெட்டு வருஷம் வளர்த்தேனே, என்னைப் பார்த்து ஒரு நாள் அப்படிச் சிரித்தாளா? இரண்டே வருஷத்தில் அத்தனை சிரிப்பையும் வாங்கிக்கொண்டவனை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அவனும் இதே இசக்கிமுத்துதான்.