உயிரோடிருப்பவளுக்கு நாற்பதாம் நாள்

டோல்னா க்ரினா கிராமம்
செவ்வாய்க்கிழமை காலை

என் பேத்தி ரலிட்சாவுக்கு, உன் பாட்டி ஸ்தோய்னா எழுதுவது.

உன் அப்பன் விழுந்த அன்று சோபியா நகரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்களைச் சொல்கிறேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு உன் அம்மா நெவெனா. எங்களைக் காரில் கொண்டுவந்த பக்கத்து வீட்டு கான்சோ, தொப்பியைக்கூடக் கழற்றாமல். உன் அத்தை ஸ்லாத்கா, யாருக்கும் பிடிக்காத அந்தப் பச்சைக் கோட்டில். தங்கப் பல் வைத்த ஒரு நர்ஸ். நான். கடைசியில் படியேறி ஓடிவந்த நீ. ஒருவரையும் விடவில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான், ஆனால் மறக்க மட்டும் யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கான்சோ நாளை சோபியாவுக்கு வருகிறான், உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் உன் அப்பன் நிலைமை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வலது கையும் காலும் மரக்கட்டைதான். பேச்சு குழறினாலும் பெற்றவளுக்குப் புரிகிறது. போன வாரம் முதல் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். இரண்டு கரண்டி தயிர், அதுவும் நெவெனா அழுதால். டாக்டர் வந்து பார்த்து, இப்படியே போனால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் நீ செத்துவிட்டாய் என்று நம்புகிறான், ரலிட்சா. இல்லை, இல்லை என்று சொல்லி எங்கள் வாய் ஓய்ந்துவிட்டது. "உசுரோட இருந்தா வந்திருப்பாளேம்மா" என்கிறான். நெவெனா உன் பழைய குரலைப் போனில் போட்டுக் காட்டினாள். "அது மெஷினு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காலண்டரில் இடது கையால் கோடு போடுகிறான். உன் கதவில் பார்த்த மரண அறிவிப்புத் தாளின் தேதியிலிருந்து எண்ணுகிறான். வருகிற சனிக்கிழமை நாற்பதாம் நாள். கோதுமை வேகவைத்து, சர்க்கரை கலந்து, கல்லறைக்குக் கொண்டுபோகச் சொல்கிறான். எந்தக் கல்லறைக்கு? நாற்பது நாள் ஆன்மா வீட்டைச் சுற்றும், பிறகுதான் புறப்படும் என்று சின்ன வயதில் அவனுக்குச் சொன்னவளே நான்தான். உன்னோடு சேர்ந்து புறப்படக் காத்திருக்கிறான். எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

அலுவலகத்தில் உன்னைப் பன்னிரண்டு பேருக்குத் தலைவியாக்கினார்கள் என்றதும் அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். "பன்னெண்டு பேரா? உன் ஆட்டுமந்தை அதவிடப் பெருசுடா கமென்" என்று கான்சோகூடக் கிண்டலடித்தான். அப்புறம்தானே உன்னை மலைமேல் ஓட்டலுக்கு மூன்று நாள் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ராதுல் வாசெவ் என்று ஒரு பயிற்சியாளன். பழைய நீ செத்தால்தான் தலைவி பிறப்பாள் என்று சொல்லி, அவரவர் மரண அறிவிப்பை அவரவரே எழுத வைத்தானாம். படம், சிலுவை, கறுப்புக் கரை எல்லாம் நிஜம் போலவே. நாற்பது நாள் கதவில் ஒட்டிவைத்துப் பார்க்கச் சொன்னானாம். வேறு தேசத்தில் அது பாடமாக இருக்கலாம். சாவு விழுந்த வீட்டின் கதவில் ஒட்டுகிற தாளை நம் தேசத்தில் யாராவது விளையாட்டுக்கு ஒட்டுவார்களா? அட, உள்பக்கமாவது ஒட்டியிருக்கக் கூடாதா?

உன் அப்பன் சொல்லாமல் சோபியாவுக்கு வந்தது உன்னைச் சந்தோஷப்படுத்த. சுட்ட மிளகாய்த் தொக்கு ஆறு பாட்டில் சுமந்து நாலு மாடி ஏறினான். நீ அலுவலகத்தில் இருந்தாய். மூக்குக்கண்ணாடி போடாத கண்ணுக்குப் படமும் பெயரும் சிலுவையும்தான் தெரிந்தன. அங்கேயே விழுந்தான். எதிர்வீட்டுப் பெண்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

கீழே இருந்த சின்ன எழுத்தை நான் படித்தேன். கான்சோ கிழித்துக் கொண்டுவந்திருந்தான். எல்லாருக்கும் சரி, சரி என்றே சொல்லி வாழ்ந்த கோழை ரலிட்சா காலமானாள் என்று எழுதியிருந்தாய். துக்கத்தில் வாடுவோர் என்ற இடத்தில் ஒரு பெயரும் இல்லை. என் பெயர்கூட இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை, சொல்லிவிட்டேன்.

இப்போது வராந்தாவுக்கு வருகிறேன். நீ உன் அப்பன் அறைக் கதவுப் பிடியில் கை வைத்தாய். "உன் மூஞ்சியப் பாத்தா அவன் செத்துருவான், போடி, இனி இந்தப் பக்கம் வராத" என்று சொன்னது நான்தான். உன் அம்மா சொல்லவில்லை, அத்தை சொல்லவில்லை. நீ பிடியை விட்டுப் படியிறங்கினாய். பன்னிரண்டு பேரை மேய்க்கிறவள் ஒரு கிழவியின் வாய்க்குப் பயந்து ஓடிவிட்டாளே என்று அதற்கும் உன்னையே திட்டினேன். அன்று உன்னை உள்ளே விட்டிருந்தால் அவன் உன்னைத் தொட்டுப் பார்த்திருப்பான். இந்தக் கணக்கெல்லாம் போட்டிருக்கமாட்டான்.

கஷ்டமான பேச்சைத் தள்ளிப்போடுகிறவர் தலைவராக முடியாது என்று பயிற்சியில் சொன்னதாக நீ ஒருமுறை சொன்னாய். "இதச் சொல்ல ஒரு ஆளா?" என்று சிரித்தேன். எழுபத்தொன்பது வருஷமாக நான் தள்ளிப்போட்ட பேச்சு இது. வருகிற ஞாயிறு, பெரிய நோன்புக்கு முன்னால் வரும் மன்னிப்பு ஞாயிறு. சின்னவர்கள்தான் பெரியவர்கள் கையை முத்தமிட்டுக் கேட்க வேண்டும். ஞாயிறுவரை எனக்குப் பொறுமை இல்லை. பெரியவள் நானே கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு, கண்ணு.

சனிக்கிழமைக்குள் வா. வெள்ளிக்கிழமை கான்சோ ஊர் திரும்புகிறான், அவனோடேயே வா. வேலை இருக்கிறது என்று சொல்லாதே. வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்காதே, நேரே உள்ளே போய் அவன் இடது கையைப் பிடி, அதில்தான் உணர்ச்சி இருக்கிறது. கோதுமையை நான் இன்னும் ஊறவைக்கவில்லை, கேட்டால் மாவுமில்லில் இருக்கிறது என்று பொய் சொல்கிறேன். எத்தனை நாள் சொல்வது?

கடவுள் உன் வழியில் பனியை விலக்கட்டும்.

உன் பாட்டி,
ஸ்தோய்னா

பெயர் போட்ட பிறகும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட ஸ்லாத்காவை இந்த வாரம் மன்னித்தேன். என் தறியைத் தூக்கிக்கொண்டு போன என் தங்கையை, அவள் செத்து ஒன்பது வருஷம் கழித்து, மன்னித்தேன். அந்த வாசெவையும் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னித்துவிட்டேன். ஆனால் பெற்றவள் நான் உட்கார்ந்திருக்க எனக்கு முன்னால் புறப்படுகிறவனை மட்டும் மேலே போனாலும் மன்னிக்கமாட்டேன். இதை அவன் காதிலேயே சொல்லிவிட்டேன். அவன் என் மகன், கமென்.