பாட்டுக்காரச் சித்தி

பெங்களூர்,
12.2.1996

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்கள் ராக் குழுவுக்கு நல்ல கூட்டம். கிடார் அதிர்ந்ததும் பையன்கள் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினார்கள்.

மறுநாள் சொல்லாமல் விக்கிரமசிங்கபுரம் வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆறு மாதத்தில் பால் மறக்கடித்து உன்னிடம் நான் விட்டுப்போன வடிவுக்கு எட்டு வயதாகிவிட்டது. என் வெட்டிய தலைமுடியையே பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ வந்திருக்காவ" என்று உன்னைக் கூப்பிட்டாள். மில்லுக்குக் கிளம்பிய அத்தான் சைக்கிளைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். நீ என் முகத்தைப் பார்க்காமல், "சித்தி வந்திருக்கா. பாட்டுப் பாடுதவ" என்றாய்.

உன்மேல் வருத்தமில்லை.

"ஒரு பாட்டுப் பாடுங்க சித்தி" என்று அவள் கேட்டாள். ஆயிரம் பேர் முன்னால் கத்திப் பாடுகிறவளுக்கு அங்கே குரல் எழும்பவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அவளே வெந்நீர் கொண்டுவந்து, "பைய குடிங்க, சுடுது" என்றாள்.

இங்கே ஒரு பள்ளியில் அவளுக்கு மூன்றாம் வகுப்பில் இடம் வாங்கி வைத்திருந்தேன். இன்று காலை போய், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உன் தங்கை