உடம்புச் சூட்டுக்கு மனநலச் சான்றிதழ் கேட்பதை எதிர்த்து

அனுப்புநர்
முதுநிலை எழுத்தர்,
முகப்புப் பிரிவு,
பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்.

பெறுநர்
மண்டலப் பதிவு அதிகாரி அவர்கள்,
தலைமை அலுவலகம்.

வழி: பிரிவுக் கண்காணிப்பாளர்

பொருள்: மனநலச் சான்றிதழ் கொண்டுவரும் வரை என்னை முகப்பிலிருந்து ஆவண அறைக்கு மாற்றிய உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – சான்றிதழ் தர மறுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை முகப்பில் கழித்தவள் நான். குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் வருபவரிடமும், வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வருபவரிடமும் எப்படிப் பேசவேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்மீது பொதுமக்களிடமிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை. இப்போது நான் மனநிலை சரியில்லாதவள் என்று கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது.

2. எனக்கு நடப்பது மாதவிடாய் நிற்கும் காலம். இந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடும்படி, வரைவைப் படித்த என் கணவர் கேட்டுக்கொண்டார். எடுக்கவில்லை. ஒளித்துவைப்பதற்கு இது நான் வாங்கிய லஞ்சம் அல்ல.

3. தாங்கள் முடிவெடுக்க உதவும் என்பதால், மருத்துவர் அம்மா எனக்குச் சொன்னதை எழுதுகிறேன். இந்த வயதில் சினைப்பை தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அதிலிருந்து வந்துகொண்டிருந்த ஹார்மோன் குறைகிறது. உடம்பின் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் மூளையின் பகுதி அதனால் தடுமாறி, கொஞ்சம் வெக்கையையும் பெரிய வெக்கை என்று எடுத்துக்கொள்கிறது. உடனே தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்வை கொட்டுகிறது. சில நிமிடங்களில் அடங்கி, சில சமயம் குளிரும் எடுக்கிறது. சிலருக்கு இது தெரியாமலே போகும், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். இது நோயும் அல்ல, கிறுக்கும் அல்ல. தாங்க முடியாதவர்களுக்கு மருந்து உண்டு. எனக்கு இப்போதைக்குக் காற்றும் குளிர்ந்த தண்ணீரும் போதும் என்றார். வீட்டில் மின்விசிறி முழு வேகத்தில் சுழல, என் கணவர் கம்பளிக்குள் சுருண்டு படுத்துக்கொள்கிறார். அவர் மேலதிகாரிக்கு எதுவும் எழுதவில்லை.

4. எங்கள் பிரிவில் உள்ள ஒரே ஜன்னல் கண்காணிப்பாளர் மேசைக்கும் என் இருக்கைக்கும் நடுவில் இருக்கிறது. அவருக்குச் சைனஸ். காற்று பட்டால் தும்முவார். ஆகவே ஜன்னல் எப்போதும் சாத்தியிருக்கும், அவர் தலைக்கு மேலே உள்ள மின்விசிறி ஓடாது, அவர் ஆவி பிடிப்பதற்குச் சுடுதண்ணீர் வேளை தவறாமல் மேசைக்கு வரும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மூக்கும் உடம்பில்தான் இருக்கிறது. காற்றுப் படாத உள்மூலைக்கு அவர் தன் மேசையை நகர்த்திக்கொண்டால் இருவருக்கும் நல்லது என்று பணிவோடுதான் கேட்டேன். அந்த இடம் பதவிக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல என்று மறுத்துவிட்டார்.

5. சம்பவ தினத்தன்று ஓர் இளம் தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குச் சூடு ஏறியது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து எழுத்து தெரியவில்லை. எழுந்து ஜன்னலைத் தள்ளினேன். துருப்பிடித்த கொக்கி கழன்று விழுந்தது. கண்காணிப்பாளர் மேசையிலிருந்த தாள்கள் பறந்தன. குழாயடிக்குப் போய்த் தலையை நனைத்துக்கொண்டு வந்து, அந்தச் சான்றிதழை ஒரு பிழையும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தகப்பன் தாள்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார். கண்காணிப்பாளர் எழுதிய அறிக்கையில் இது ‘பொதுமக்கள் முன்னிலையில் ஜன்னலை உடைத்து, தலையில் நீரூற்றிக்கொண்டு வெறிபிடித்தவர்போல் நடந்துகொண்டார்’ என்று இருக்கிறது. ஜன்னல் உடையவில்லை. புதுக் கொக்கியை மறுநாளே நானே வாங்கி மாட்டிவிட்டேன்.

6. விளக்கம் சொல்லப் போனபோது கண்காணிப்பாளர் கூறியது: “வயசாயிடுச்சுன்னா வீட்டுல உக்காரணும். இங்க வந்து ஆட்டம் காட்டக்கூடாது.” அவர் என்னைவிட மூத்தவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது அவருக்கு வரப்போவதே இல்லை. ஆகவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்கவில்லை.

7. ஆவண அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜன்னலே கிடையாது. சூடு தாங்காதவளை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். அங்கே என்னைப் பார்க்க, தாள் எடுக்கும் சாக்கில் ஒவ்வொருவராகப் பெண் ஊழியர்கள் வருகிறார்கள். தனக்கும் இதே பாடுதான் என்று காசாளர் அம்மா சொன்னார். தட்டச்சர் மாற்று ரவிக்கையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார். இத்தனை நாளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் வெந்திருக்கிறோம்.

8. மனநலச் சான்றிதழ் தர மாட்டேன். மனம் சரியில்லாமல் போவதும் உடம்புக்கு வரும் ஒரு நோய்தான், எனக்கு அது இருந்தால் அதையும் இதே எழுத்தில் எழுதியிருப்பேன். இல்லாததை இல்லை என்று நிரூபிக்கும் கடமை எனக்கில்லை. பிறப்புக்கும் இறப்புக்கும் மட்டும் சான்றிதழ் கொடுத்து வந்த அலுவலகம், நடுவில் உடம்பு மாறுவதற்கும் சான்றிதழ் கேட்க ஆரம்பித்தால் வரிசை தெருமுனை வரை நிற்கும்.

9. ஆகவே, மாற்றல் உத்தரவை ரத்து செய்யவும், என் பணிப்பதிவேட்டில் உள்ள அந்த வரியை நீக்கவும், ஜன்னலைத் திறந்துவைக்க எழுத்துப்பூர்வமாக ஆணையிடவும் வேண்டுகிறேன். விதிப்படி இம்மனுவைக் கண்காணிப்பாளர் வழியாகவே அனுப்புகிறேன். மூன்றாம் பத்தியை அவர் இருமுறை படித்தால் நல்லது.

10. தங்கள் ஆணை வந்தாலும் வராவிட்டாலும் வரும் திங்கட்கிழமை காலை முகப்பில் என் நாற்காலியில் உட்காருவேன். என்னை எழுப்ப வேண்டுமென்றால், வரிசையில் நிற்கும் பொதுமக்கள் அனைவருக்கும் கேட்கும்படி, எதற்காக எழுப்புகிறோம் என்ற காரணத்தை உரக்கச் சொல்லிவிட்டு எழுப்பும்படி கண்காணிப்பாளருக்கு அறிவுறுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நியாயத்தை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
முதுநிலை எழுத்தர், முகப்புப் பிரிவு

நாள்: இம்மாதம் 12, வியாழன்
இடம்: ஆவண அறை, ஞாயிறு வரை மட்டும்