தப்பாகக் குறி சொன்ன டாக்டர்

ஆடி 4, ஞாயிறு

ஆடியா இது? சித்திரை வெயில். நான் எழுதும் நாவல் ஏழாம் அத்தியாயத்தில் சண்டி மாடாக நிற்கிறது. நூறு வருஷத்துக்கு முந்திய திருத்தணி. பேச்சாலேயே மனசுக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு டாக்டர். முதல் நோயாளி, புருஷனை இழந்த நெசவுக்காரி. அவளைப் பேசவைக்க எனக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை.

அக்கா புருஷன், எங்கள் பாவா, செத்துப் போனதிலிருந்து அக்கா என்னோடுதான். சமைக்கிறாள், டி.வி. பார்க்கிறாள். அவரைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரு சொட்டுக் கண்ணீர்? ஊஹூம். பயமாக இருக்கிறது. இந்த நாவலே அவளுக்காகத்தான்.

ஆடி 5, திங்கள்

மலைக்கோயிலில் விடியும் முன்பே ஸ்பீக்கர். வாங்க வேண்டியது: தக்காளி, பேனா ரீஃபில்.

பஸ்ஸில் முன் சீட்டு அம்மா, போனில்: "நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்? குறி கேக்கத்தானே போய்கினு இருக்கேன். அவங்களே சொல்லட்டும்!"

அட! என் நெசவுக்காரியும் டாக்டரைக் குறி சொல்பவர் என்றுதானே நினைப்பாள்? அவள் பேச அவர் காத்திருப்பார், அவர் சொல்ல அவள் காத்திருப்பாள். இரண்டும் உம்மென்று. எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

எல்லாம் தெரிந்தவர் எதிரே நோயாளி ஊமை. தெரியாதவர் எதிரே?

ஆடி 6, செவ்வாய்

மேகம் கூடி, அரக்கோணம் பக்கம் போய்விட்டது.

டாக்டரை வேண்டுமென்றே தப்பாகக் குறி சொல்ல வைத்தேன்: "நீ புருஷனை மறந்தாச்சு." அவள் "இல்லீங்க" என்று வாய் திறந்து, ஓவென்று அழுதாள். அப்பாடா.

சாயந்திரம் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன்.

"தப்பு."

"எது தப்புக்கா?"

"அழுவாளா அவ? கோவம்டி! நெஞ்சு வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா உங்க பாவா? வாயுன்னு சோடா குடிச்சிகினு உக்காந்திருந்தாரே! சொல்லாம கொள்ளாம போய்ட்டாரே, பாவி மனுஷன்!"

கீரை முழுக்கத் தரையில். அப்புறம்தான் அழுகை வந்தது. கட்டிக்கொண்டேன். டாக்டர் தெரிந்து தப்பு செய்தார். நானோ தெரியாமலே செய்தேன்; அக்காவுக்குத் துக்கம் மட்டும்தான் என்றே இத்தனை மாதமும் நம்பியிருந்தேன்.

முருகா, ஜெயிச்சாச்சு!

ஆடி 7, புதன்

நல்ல மழை. அக்கா விடிந்ததிலிருந்து பாவாவைத் திட்டுகிறாள், நடுவில் சிரிக்கிறாள். அவர் கல்யாணத்தன்று செருப்பைத் தொலைத்த கதை எனக்கே புதுசு. நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

காபியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "ஆங், படி. தப்பு இருந்தா சொல்றேன்."

நிறையத் தப்பாக எழுத வேண்டும்.