பன்றிக் கொட்டிலில் அடுக்கிய மரத்தூள் கட்டிகள்

அன்பு மகள் ரதோஸ்தினாவுக்கு அம்மா ஸ்தொயங்கா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான். நீயாவது அங்கே ஸ்பெயினில் நல்ல காற்றை இழுத்துக்கொண்டு சுகமாக இரு. போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அப்பாவின் காதும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல்.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்த டாக்டர் இனிமேல் கோடரியைத் தொடவே கூடாது என்றதும் நீதானே சொன்னாய், விறகு வேண்டாம், மரத்தூளை அழுத்திச் செங்கல் மாதிரி செய்த கட்டியை வாங்குங்கள், பிளக்க வேண்டியதில்லை என்று. வாங்கினோம். பிளாஸ்டிக் சுற்றி அழகாகத்தான் வந்தது. ஈரம் மட்டும் படக்கூடாது என்று லாரிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். விறகுக் கொட்டகை ஒழுகுகிறது, நிலவறையில் தண்ணீர் நிற்கிறது. உன் அப்பா மூளையைக் கசக்கி ஓர் இடம் கண்டுபிடித்தார். கிறிஸ்துமஸுக்குப் பன்றியை வெட்டிவிட்டோம், கொட்டில் காலி, மேலே புதுத் தகரம் வேறு. அங்கே கொண்டுபோய் அடுக்கினார். அதோடு விட்டாரா? ஓக் விறகைக் காற்றாட வைத்த பழக்கத்தில் பிளாஸ்டிக்கை எல்லாம் கத்தியால் கிழித்துப் போட்டுவிட்டு, "அதுவும் மரந்தான்டி, மூச்சு விட வேணாமா?" என்று எனக்கே பாடம் சொன்னார். மூச்சு விட்டது. எதை இழுத்தது என்று கேள். அந்தப் பலகைத் தரை எத்தனை பன்றிகளின் மூத்திரம் குடித்த தரை! அடி வரிசை முழுக்க அதை உறிஞ்சி, கஞ்சியில் போட்ட ரொட்டி மாதிரி உப்பி, கையில் எடுத்தால் பிசுபிசுவென்று வழிந்தது, சீ. மேல் வரிசை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, அதை அடுப்பில் வைத்தோம். வெட்டின பன்றி எழுந்து வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. தலையணை நாறியது, ரொட்டி நாறியது, துவைத்துக் காயப்போட்ட உள்பாடிகூட நாறியது.

இதற்கு நடுவில் அப்பாவின் பெயர் கொண்ட புனிதரின் திருநாள் வந்து சேர்ந்தது. அதனாஸ் என்று பெயர் உள்ளவன் வீட்டுக்கு அன்றைக்குக் கூப்பிடாமலே ஊர் வருமே, வந்தது. வெளியே முழங்கால் வரை பனி, அடுப்பை அணைக்க முடியுமா? பக்கத்து வீட்டு பெத்கானா கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்றபடியே, "அதனாஸு, பன்னிய வெட்டிட்டேன்னு சொன்ன, இல்ல அடுப்புக்குள்ள வெச்சு வளக்குறியா?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், இல்லை என்றால் பொய். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில், "மனுசன் எரிக்கிறது விறகு, இது மாட்டுக்குப் போடுற தவிடு" என்று கத்திக்கொண்டே கோடரியோடு வெளியே போனார். மிச்சமிருந்த ஓக் விறகில் நாலு போடு போட்டார், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். பயப்படாதே, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், தையல் பிரியவில்லை. ஆனால் மறுபடி அறுக்க வேண்டி வந்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதைச் சொல்வதற்கு முன்னால், அவரை முகர்ந்து பார்த்து, "பெரியவரே, பன்னிப் பண்ணையில வேலையா?" என்று வேறு கேட்டார்.

புதுக் கட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், பீச் என்கிற காட்டு மரத்துத் தூள். நானே போய் ஒன்றை உடைத்து, தட்டி, முகர்ந்து பார்த்துத்தான் பேசி முடித்தேன். கடைக்காரன், "முலாம்பழமா வாங்குறீங்க, அக்கா?" என்றான். சிரிக்கட்டும், பட்டவள் நான்தானே. இப்போது அதை வைக்க இந்த வீட்டில் ஈரமில்லாத இடம் ஒன்றே ஒன்று, உன் அறை. உன் அப்பா விடமாட்டேன் என்கிறார். "பொண்ணு திடீர்னு வந்து நின்னா எங்கடி படுப்பா?" என்கிறார். நாலு குளிர்காலமாக யார் வந்து நின்றது? உன் கட்டில் மேல் கட்டி அடுக்குவதற்குப் பதில் விறகே பிளக்கிறேன் என்கிறவரை நான் என்ன செய்ய? கோடரியை ஒளித்து வைத்தேன், பக்கத்து வீட்டில் இரவல் கேட்டிருக்கிறார்.

தேவமாதா உன்னைக் காக்கட்டும், உன் கை பட்டதெல்லாம் நல்லபடி நடக்கட்டும். குளிரில் தலைக்குத் துணி இல்லாமல் வெளியே போகாதே. அடுத்த மாதம் முதல் வாரம் லாரி வருகிறது. அதற்குள் அப்பாவுக்கு நீயே போன் போட்டுப் பேசு. என் அறையை நிரப்பிக்கொள்ளுங்கள் என்று சொல், இல்லையென்றால் நான் வருகிறேன் என்று சொல். எது நிஜமோ அதை மட்டும் சொல்லு கண்ணு, அவர் நம்பிவிடுவார்.

உன் அம்மா,
ஸ்தொயங்கா