சிவப்பு மையால் வெட்டின பெயர்

2009 ஆவணி, புதன். தேற்றாத்தீவு.

அதிபர் இன்றைக்குப் வகுப்பில் பெயர் கூப்பிடுகிற பழைய வரவு இடாப்பை என் முன்னால் விரித்து, "இது யார்ர எழுத்து டீச்சர்?" என்று கேட்டார். என்னுடையதுதான். கோகிலாவின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் 'விலகிவிட்டார்' என்று எழுதியிருக்கிறேன்.

மூன்று வருசத்துக்கு முதல், சண்டைக்கென்று வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்தவர்கள் இடாப்பையும் பார்க்க வருகிறார்கள் என்று கதை வந்தது. சுனாமியில் கடல் இரண்டு பிள்ளைகளை எடுத்த வீடு அவளுடையது. மிஞ்சினவள் கோகிலா மட்டும். தாய் என் கையைப் பிடித்து அழுதாள். வெட்டிவிட்டேன். பிள்ளை உன்னிச்சையில் மாமி வீட்டில் ஒளிந்திருந்தாள்.

இப்போது, படிப்பு விட்டுப்போனவர்களுக்கு நான் எடுக்கிற பின்னேர வகுப்பில் கணக்குக்கு அவள்தான் முதல் ஆள். ஆனால் இடாப்பில் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தால் ஓ.எல். பரீட்சை விண்ணப்பம் அனுப்ப ஏலாதாம். நாளைக்குக் கடைசி நாள்.

"ஏன் வெட்டின எண்டு எழுதித் தாங்க, அனுப்பிப் பாப்பம்" என்றார் அதிபர்.

யாருக்குப் பயந்து என்று எழுதுவது? அவர்கள் இன்னும் இந்த ரோட்டால்தான் போய் வருகிறார்கள். எழுதாவிட்டால் அவளுக்கு இந்த வருசமும் போச்சு. கடிதத்தில் திகதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

பின்னேரம் வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். மற்றப் பிள்ளைகள் இருந்தபடியே "ஓம்" என்பார்கள். கோகிலா மட்டும் ஒவ்வொரு நாளும் எழும்பி நின்று, நான் அடையாளம் போடுகிறேனா என்று பார்த்த பிறகுதான் திரும்ப இடத்தில் இருப்பாள்.