பட்டத்து நூலை இழுத்தது யார்

அடியே, அந்தப் புத்தகம் கிடைத்துவிட்டது. நேற்று கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில், பழைய புத்தகக் கடையில் குனிந்து எதையோ புரட்டியபோது அகப்பட்டது. அட்டையில் மூடுபனி, அதற்குள் மறைந்துபோகும் ஒரு நூல். கடைவாசலிலேயே நின்று உனக்குப் போன் செய்யப் பார்த்தேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பி.யு.சி. ஆங்கிலப் பாடநூலில் அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தை மட்டும்தானே போட்டிருந்தார்கள்? தாயில்லாத ஒரு பிள்ளை மூடுபனியில் பட்டம் விடும். பட்டம் கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று மேலேயிருந்து யாரோ நூலைச் சுண்டி இழுப்பார்கள். அதோடு பாடம் முடிந்துவிடும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ எழுந்து, "மேல இருந்து இழுத்தது யாரு மிஸ்?" என்று கேட்டாய். "அது பாடத்துல இல்ல, உக்காரு" என்றார் அவர். வகுப்பே சிரித்தது. உனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

எழுமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தாய். மூடுபனி எப்படியிருக்கும் என்று உனக்கும் தெரியாது, மதுரைக்காரி எனக்கும் தெரியாது. "நெல்லு அவிக்கிறப்ப ஆவி கெளம்புமே, அப்பிடித்தான் இருக்கும்னு வச்சுக்க" என்றாய். கல்லூரி வேப்பமரத்தடியில் என் டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுக்கொண்டே தினமும் அந்த நூலைப் பற்றித்தான் சண்டை. காற்றுதான் இழுத்தது என்பேன் நான்.

"காத்தா? போடி இவளே. அம்மா இல்லாத புள்ளடி அது. அம்புட்டுப் பெரிய வானத்துல அதுக்குன்னு ஒரு ஆளு இருக்காதா?"

உனக்கும் அம்மா இல்லை. டிபன் பாக்ஸை உன் பக்கம் நகர்த்திவைப்பேன்.

பரீட்சை முடிந்ததுமே உன்னை ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஆபீஸ் வேலை, கோச்சடையில் வீடு என்று ஆனது. அதன்பிறகு நாம் பார்த்துக்கொண்டதெல்லாம் கல்யாண வீடுகளில்தான். பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்காருவாய். நலம் விசாரிக்கமாட்டாய்.

"கெடச்சுதா புள்ள?"

"இல்லடி."

"எனக்குச் சொல்லாம வாசிச்சு முடிச்சிராத, ஆமா" என்று மிரட்டுவாய். தலை நரைத்த பிறகும் அதே கேள்விதான். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் அதைத்தான் கேட்டாய்.

நேற்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். இழுத்தது யாரென்று தெரிந்துவிட்டது. நீ சொன்ன ஆளும் இல்லை, நான் சொன்ன காற்றும் இல்லை. மகன் குடும்பம் வெளியூரில் இருக்கிறது. போன் செய்தால் என்னம்மா, உடம்பு சரியில்லையா என்றுதான் கேட்பான். இதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒரே ஆள் நீதான். வீடு இவ்வளவு பெரிதாக எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

யாரென்று இங்கே எழுதிவிடத்தான் உட்கார்ந்தேன். மனம் வரவில்லை. எழுதிவிட்டால் நீ கேட்பதை நிறுத்திவிடுவாய். அடுத்த மாதம் அவனியாபுரத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது. போவேன். பக்கத்து இலையில் யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு உன் குரல்தான் முதலில் கேட்கும்.

"இல்லடி" என்றுதான் சொல்லப்போகிறேன்.